ஒரே தராசு, இரண்டு வரிசை

அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் குடும்ப அட்டையைக் கையில் கொடுத்தால் எந்தக் கட்டம் எந்த மாதம் என்று சரியாக விரலை வைப்பார். அட்டைக்கு ஒரு பாலிதீன் உறை போட்டிருப்பார். தகரப் பெட்டியில் நிலப் பத்திரத்துக்கும் மேலே அதுதான் இருக்கும். "பத்திரம் காணாமப் போனா பதிவாபீசுல நகல் எடுத்துக்கிரலாம். கார்டு போனா அடுத்த மாசம் உலையில எதைப் போடுவ?" என்பார்.

உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் எங்கள் ஊர். தொண்ணூறுகளில் ரேஷன் கடை ஒரு ஓட்டு வீட்டின் முன்னறையில் நடந்தது. சணல் சாக்கும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை தெருமுனையிலேயே மூக்கில் ஏறும். அதை வைத்தே கடை திறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். "அரிசி போடுறாங்க" என்று யாராவது குரல் கொடுத்துவிட்டால் போதும், அப்பத்தா மஞ்சள் பையை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எடை போடுவதற்கு முன் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, முகர்ந்து, இரண்டு அரிசியைக் கடித்துப் பார்ப்பார். மக்கிப்போன வாடை அடித்தால் விடமாட்டார். "சர்க்கார் அரிசி அப்படித்தான் இருக்கும் ஆத்தா" என்று விற்பனையாளர் சொன்னால், "சர்க்காரு சும்மாவா குடுக்குது? ஓட்டுப் போட்டிருக்கோம்ல" என்று பதில் வரும்.

அதை வெறும் வாய்த்துடுக்கு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். படித்து முடித்து, கள ஆய்வு வேலைக்காக ஜார்க்கண்டில் கிராமம் கிராமமாகச் சுற்றியபோதுதான் அந்தப் பேச்சின் அருமை புரிந்தது.

அங்கே ஒரு ஊரில் ரேஷன் கடை முன்னால் வரிசையே இல்லை. கடையை நடத்துபவர் ஒரு தனியார். ஊரில் எல்லோரும் 'டீலர்' என்றுதான் சொல்வார்கள். பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு மட்டும் அட்டை. அந்த அட்டைகளிலும் பாதி டீலர் வீட்டு அலமாரியில் கிடந்தன. அரிசி வந்தால் அவர் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். ஆளுக்கு இரண்டு கிலோ, மூன்று கிலோ பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். அந்தப் பிடித்தத்துக்குக் 'கட்டௌத்தி' என்று ஒரு பெயரே வழக்கில் இருந்தது. மண் சுவர் வீட்டில் மூன்று பிள்ளைகளோடு இருந்த ஒரு பெண்ணிடம் ஏன் அட்டை இல்லை என்று கேட்டேன். கணக்கெடுக்க வந்த அன்று வேலைக்குப் போய்விட்டேன், பெயர் விட்டுப்போய்விட்டது என்றார். யாரிடமாவது சொன்னீர்களா என்றதற்கு, "யாரிடம் சொல்வது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அப்பத்தா அந்த இடத்தில் இருந்திருந்தால் டீலரின் அலமாரியையே உடைத்திருப்பார் என்று முதலில் தோன்றியது. அப்புறம் யோசித்தால், உடைத்திருக்க மாட்டார். எங்கள் ஊரில் அப்பத்தாவுக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது. அந்தப் பெண்ணுக்குப் பின்னால் யாரும் இல்லை.

எங்கள் வரிசையில் யார் யார் நின்றார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் நின்றார்கள். தோட்டம் துரவு உள்ள வீட்டின் வேலையாள் நின்றார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியரும் நின்றார். அவர் வீட்டில் ரேஷன் அரிசி பொங்க மாட்டார்கள், கோழிக்குத்தான் போடுவார்கள். ஆனால் சீனியும் மண்ணெண்ணெயும் அவருக்கும் வேண்டும். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் சீனி வரவில்லை. "ஸ்டாக் இல்லை" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டார்கள். தலைமையாசிரியர் அன்றைக்கே வட்ட வழங்கல் அலுவலருக்கு மனு எழுதி, பஸ் ஏறிப் போய்க் கையில் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் லாரி வந்தது. அவர் தன் வீட்டுச் சீனிக்காகத்தான் எழுதினார். அந்த மனுவில்தான் அப்பத்தாவின் சீனியும் வந்து சேர்ந்தது.

எல்லோருக்கும் கொடுப்பதன் பலம் இதுதான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பொருள் குறைந்தால், கேள்வி கேட்கத் தெரிந்தவன் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டான். அவனும் அதே வரிசையில் நின்றால் அவனுடைய சத்தம் எல்லோருக்கும் உதவும்.

இந்த வரிசை தானாக உருவாகவில்லை. அறுபதுகளின் நடுவில் நாடு முழுக்க அரிசிப் பஞ்சம். அந்தச் சமயத்தில் வந்த 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்ற முழக்கத்தோடு தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. அண்ணா முதல்வரானதும் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி அரிசித் திட்டம் தொடங்கியது. நிதி தாங்காமல் அது நீடிக்கவில்லை. ஆனால் அரிசி விலை ஆட்சியைக் கவிழ்க்கும், ஆட்சியைக் கொடுக்கும் என்ற பாடம் இரண்டு தலைமுறைக்கு எல்லாக் கட்சிக்காரர்கள் மனத்திலும் பதிந்துவிட்டது. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. கடைகளைத் தனியாரிடம் விடாமல் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்களே நடத்தின. வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது சாதாரண நிர்வாக ஏற்பாடாகத் தெரியலாம். ஜார்க்கண்டின் அந்த டீலரைப் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. லாபம் பார்த்தால்தான் பிழைக்க முடியும் என்ற நிலையில் ஒருவரை உட்கார வைத்து, வெளிச்சந்தையில் பல மடங்கு விலை போகும் பொருளை அவர் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய ஆய்வு வேண்டியதில்லை.

1997-இல் மத்திய அரசு முறையை மாற்றியது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு விலை, மேலே இருப்பவர்களுக்கு வேறு விலை என்று நாடு முழுக்க அட்டைகள் பிரிந்தன. காகிதத்தில் நியாயமாகத்தான் தெரியும்: இருப்பவனுக்கு எதற்கு, இல்லாதவனுக்குக் கொடு. ஆனால் யார் இல்லாதவன் என்று ஊரில் முடிவு செய்தது யார்? பட்டியல் எழுதியவர், எழுதியவரை வீட்டுக்கு அழைத்து மோர் கொடுத்தவர். திட்டக் குழுவே 2005-இல் வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கையில், மானிய விலையில் அனுப்பிய தானியத்தில் 58 சதவீதம் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று ஒப்புக்கொண்டது.

தமிழ்நாடு இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. கூடுதல் செலவை மாநில அரசே சுமந்துகொண்டு எல்லா அரிசி அட்டைக்கும் ஒரே விலை என்று நின்றது. அரிசி வேண்டாதவர்கள் சர்க்கரை அட்டையாக மாற்றிக்கொண்டு கூடுதலாகச் சீனி வாங்கிக்கொள்ளலாம். எதுவுமே வேண்டாம் என்றால் பொருள் இல்லாத அட்டை. யார் ஏழை என்று அரசு வீடு வீடாக வந்து நோட்டம் பார்க்க வேண்டியதில்லை. வேண்டியவர்கள் வரிசையில் நிற்பார்கள், வேண்டாதவர்கள் தாங்களாகவே விலகிக்கொள்வார்கள். தலைமையாசிரியர் வீட்டுக் கோழிக்குக் கொஞ்சம் அரிசி போனது உண்மைதான். ஆனால் எங்கள் ஊரில் பெயர் விட்டுப்போய்ப் பட்டினி கிடந்தவர் என்று ஒருவரையும் நான் பார்த்ததில்லை. இந்த இரண்டில் எந்தத் தவறைச் சகித்துக்கொள்வது என்பது பொருளாதாரக் கேள்வி மட்டும்தான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும்.

தமிழ்நாட்டிலும் ஒருமுறை கோடு போடப் பார்த்தார்கள். மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் உள்ளவர்களின் அட்டையில் 'எச்' என்று முத்திரை குத்தி, ரேஷன் பொருள் கிடையாது என்றது ஜெயலலிதா அரசு. 2004 மக்களவைத் தேர்தலில் 39 தொகுதிகளிலும் அவருடைய கூட்டணி தோற்றது. அதற்குப் பல காரணங்கள் உண்டு, முத்திரை ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முடிவு வந்த அந்த மே மாதமே அவர் திரும்பப் பெற்ற உத்தரவுகளில் 'எச்' அட்டையும் இருந்தது. அதற்கப்புறம் போட்டி மேல்நோக்கித்தான் போனது. 2006-இல் கருணாநிதி கிலோ 2 ரூபாய் என்றார். 2007-இல் துவரம் பருப்பும் பாமாயிலும் சேர்ந்தன. 2008-இல் அரிசி 1 ரூபாய் ஆனது. 2011 ஜூனில் ஜெயலலிதா முழு இலவசமாக்கினார். ஏறத்தாழ சம பலத்தில் இரண்டு கட்சிகள் மாறி மாறி வந்ததால், ஒருவர் கொடுத்ததை இன்னொருவர் பிடுங்கத் துணியவில்லை. 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கடைசி மாநிலங்களில் ஒன்றாகத் தமிழ்நாடு 2016 நவம்பரில் சேர்ந்தபோதும், எல்லோருக்கும் அரிசி என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்று 34,000-க்கும் மேற்பட்ட கடைகள், 2 கோடிக்கும் அதிகமான அட்டைகள்.

இதைத் தமிழ் மண்ணின் தனிச்சிறப்பு என்று பெருமை பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சத்தீஸ்கரில் வேறு கட்சி, வேறு வரலாறு. அங்கே 2004-இல் ரமண் சிங் அரசு தனியார் டீலர்களிடமிருந்து கடைகளைப் பிடுங்கி ஊராட்சிகள், கூட்டுறவுச் சங்கங்கள், மகளிர் குழுக்களிடம் கொடுத்தது. டீலர்கள் நீதிமன்றம் வரை போனார்கள், அரசு பின்வாங்கவில்லை. அரிசி லாரிகளுக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, வழியில் எங்கே நின்றாலும் ஊருக்கே தெரியும்படி செய்தார்கள். நான் போன காலத்தில் பஸ்தர் பக்கம் ஒரு மகளிர் குழுக் கடையில் அட்டையை வாங்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோர் கண் முன்னாலும் பொருளை எடை போட்டார்கள். ரமண் சிங்குக்கு 'சாவல் வாலே பாபா', அதாவது அரிசிச் சாமியார், என்றே பெயர் வந்துவிட்டது. தேர்தலிலும் அது அவருக்குக் கை கொடுத்தது. அரசு மனது வைத்தால் நடக்கும். மனது வைக்க வைப்பது ஓட்டு.

குறை இல்லாமல் இல்லை. எல்லை தாண்டிக் கடத்தும் அரிசி மூட்டைகளைப் பிடித்த செய்தி வாரம் ஒன்றாவது வருகிறது. இரண்டு வருடம் முன்பு அம்மாவின் கைப்பேசிக்கு பாமாயில் வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தது. அன்றைக்கு அம்மா கடைப் பக்கமே போகவில்லை. போய்க் கேட்டதற்கு "மிஷின்ல தப்பா விழுந்திருச்சும்மா, அடுத்த மாசம் சேத்துத் தாரேன்" என்றார்களாம். கைரேகை வைத்தால்தான் பொருள் என்று ஆன பிறகு அம்மாவுக்கு இன்னொரு தொல்லை. நாற்பது வருடம் களை பறித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? கட்டை விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைப்பார். மிஷின் ஏற்காது. கடைசியில் பேத்தியை அழைத்துப் போய் அவள் விரலை வைத்து வாங்கி வருவார். பேத்தி இல்லாத வீட்டுக் கிழவிகள் என்ன செய்கிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டு தடவ மூணு தடவ நடக்குறாக" என்றார். ஆதாரோடு இணைக்காத அட்டைகளை வடக்கே மொத்தம் மொத்தமாக ரத்து செய்தபோது என்ன ஆனது என்பதை நேரில் கேட்டவன் நான். அதனால் மிஷினைக் கொண்டுவந்து திருட்டை ஒழித்துவிட்டோம் என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு அம்மாவின் விரல்தான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக மட்டும் அல்ல. எங்கள் ஊர்க் கடை முன்னால் நின்றது ஒரு வரிசை என்று மேலே சொன்னேன். அது முழு உண்மை இல்லை.

இரண்டு வரிசை நின்றது. ஊர்க்காரர்கள் திண்ணையை ஒட்டி. காலனிக்காரர்கள் பத்தடி தள்ளிப் புளிய மரத்தடியில். அப்படி நிற்கச் சொல்லி எந்தப் பலகையும் இல்லை. எங்கள் பக்கத்து ஆட்களின் அட்டையை விற்பனையாளர் கையில் வாங்குவார். மரத்தடியில் நின்றவர்கள் அட்டையைத் திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் போவார்கள், அவர் எடுத்துக்கொள்வார். மண்ணெண்ணெய் ஊற்றும்போது எங்கள் கேனில் புனலை வைத்து ஊற்றுவார். அவர்கள் கேனில் புனல் படாமல் உயரத் தூக்கி ஊற்றுவார். பாதி சிந்தும். ஐந்தாம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பையன் அந்தக் கேனைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பேசுவோம். கடை முன்னால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட மாட்டோம். யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கும் தெரிந்திருந்தது, அவனுக்கும் தெரிந்திருந்தது. நான் திண்ணைப் பக்கத்து வீட்டில் பிறந்தவன். அதைச் சொல்லாமல் இதை எழுதுவது நேர்மையாகாது.

ஒருநாள் அய்யாவிடம், எல்லாருக்கும் ஒரே அரிசிதானே, ஏன் தனித்தனியா நிக்கிறாங்க என்று கேட்டேன். "தராசு ஒண்ணுதான்டா. அதுக்காக எல்லாரும் ஒண்ணாயிருவோமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு காலனிக்குப் பகுதி நேரக் கடை வந்தது. சமுதாயக் கூடத்தில் வாரம் இரண்டு நாள் திறக்கும். ஒன்றரை கிலோமீட்டர் நடை மிச்சம், ஒரு நாள் கூலி மிச்சம். அங்கேயுள்ள பெண்கள் சந்தோஷப்பட்டார்கள், அதில் தவறு காண எனக்கு உரிமை இல்லை. திண்ணை ஓரத்தில் அட்டையை வைத்துவிட்டுப் பின்னால் போகும் அவமானமும் அவர்களுக்கு மிச்சம். ஆனால் இன்னொன்றும் நடந்தது. பருப்பு குறைவாக வந்த மாதங்களில் பிரதான கடையில் போட்டது போக மீதிதான் காலனிக் கடைக்கு வந்தது. அங்கே "அடுத்த வாரம் வாங்க" என்பது அடிக்கடி கேட்டது. தலைமையாசிரியர் காலமாகிவிட்டார், இப்போது அவர் மகன் மனு எழுதுகிறார். அந்த மனுவில் காலனிக் கடை இருக்காது. அவர் வேண்டுமென்று விடுவதில்லை, அவர் கண்ணில் அது படுவதே இல்லை. எல்லோருக்கும் பொதுவாக நின்ற ஒரு வரிசையை வசதி என்ற பெயரில் இரண்டாகப் பிரித்ததும், அதில் ஒரு பாதியின் சத்தம் தாலுகா ஆபீசுக்குக் கேட்காமல் போனது.

இதே காலத்தில்தான் எங்கள் பக்கத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்ற மூன்று ஊராட்சிகளிலும், விருதுநகர் மாவட்டம் கொட்டகச்சியேந்தலிலும் தலைவர் நாற்காலி காலியாகக் கிடந்தது. ஊராட்சிகளில் இட ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கிய 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை ஒட்டி 1996-இல் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது இந்த நான்கும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. ஊர்க்கட்டுப்பாடு போட்டு யாரையும் மனுத் தாக்கல் செய்யவிடவில்லை. சில சமயம் தங்களுக்குக் கட்டுப்பட்ட ஒருவரை நிறுத்தி, ஜெயித்த கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள். மதுரை மாவட்டத்திலேயே மேலவளவில் எதிர்ப்பை மீறித் தலைவராகிவிட்ட முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து, கூட வந்தவர்களோடு சேர்த்துக் கொன்றார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் ஊர் டீக்கடையில் இருந்த அமைதி எனக்கு நினைவிருக்கிறது. துக்கத்தின் அமைதி என்று அதைச் சொல்ல முடியாது.

பத்து வருடம். மாதா மாதம் பல்லாயிரம் கடைகளுக்குத் தவறாமல் லாரி அனுப்பத் தெரிந்த அரசுக்கு, நான்கு ஊர்களில் நான்கு பேரை நாற்காலியில் உட்கார வைக்க முடியவில்லை. தெரியாமலா? ஆட்கள் இல்லாமலா? இரண்டு கட்சிகளும் அந்தப் பத்து வருடத்தில் ஆட்சியில் இருந்தன. இரண்டு கட்சிக்கும் அந்த ஊர்களில் ஓட்டு வேண்டும். ஊரில் கூடுதல் ஓட்டு எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்தைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் துணிவு வரவில்லை. அரிசியைக் கொண்டுவந்து கொடுத்த அதே ஓட்டுக் கணக்குதான் நாற்காலியைக் காலியாக வைத்தது. அரிசி எல்லோருக்கும் கொடுத்தால் யாருக்கும் குறைவதில்லை. நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்தால், அதுவரை உட்கார்ந்தவர் எழுந்தாக வேண்டும்.

2006-இல் அது மாறியது. ஆட்சி மாறியதும், தேர்தலை நடத்தியே தீருவது என்று முடிவெடுத்தார்கள். மதுரை ஆட்சியராக இருந்த த. உதயச்சந்திரன் அந்த ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போய், பெரியவர்களோடு உட்கார்ந்து பேசினார். ஊருக்குத் தேவையான வேலைகளையும் கையோடு எடுத்தார்கள். இயக்கங்களும் கட்சிகளும் வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்தன. அக்டோபரில் நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது, வென்றவர்கள் ராஜினாமா செய்யவில்லை. பத்து வருடம் நடக்காத ஒன்று ஆட்சி மாறிச் சில மாதங்களில் நடந்தது. அதை நினைத்தால் சந்தோஷமும் வருகிறது, அந்தப் பத்து வருடத்தை நினைத்து வயிறும் எரிகிறது. 2021 காந்தி ஜெயந்தி அன்று முதல்வர் ஸ்டாலின் பாப்பாபட்டி கிராம சபையில் வந்து உட்கார்ந்தார். அதற்கு ஒரு வருடம் முன்புதான் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்திய படம் நாடெங்கும் போனது. 2022-இல் சுதந்திர தினத்துக்கு முன், பட்டியல் சாதித் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

சத்துணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவை 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார். 2001-இல் உச்ச நீதிமன்றம், நாடு முழுக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2004-இல் அதே வழக்கில், சமையலர் வேலைக்குப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை கொடுக்கச் சொன்னது. பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்தால் மட்டும் போதாது, யார் கையால் சாப்பிடுகிறார்கள் என்பதும் முக்கியம் என்று ஒரு நீதிமன்றம் புரிந்துகொண்டிருக்கிறது. 2018-இல் அவிநாசிப் பக்கம் ஒரு பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று ஊரார் தகராறு செய்தபோது, அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடம் மாற்றியதுதான். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அவரைத் திரும்ப அதே பள்ளிக்கு அனுப்பி, தகராறு செய்தவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். சட்டம் கையில் இருந்தும், முதல் நாள் அதிகாரியின் கை எந்தப் பக்கம் நீண்டது என்று பாருங்கள்.

2023 அக்டோபர் 2 அன்று நான் ஊரில் இருந்தேன். எங்கள் ஊராட்சித் தலைவர் அப்போது காலனியைச் சேர்ந்த ஒரு பெண். அதற்கு முன் நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவர். வருகைப் பதிவேடு எழுதி எழுதிக் கை பழகியவர். கிராம சபையைப் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டினார். ஜமுக்காளம் விரித்து எல்லோரும் கீழே, அவரும் ஊராட்சிச் செயலரும் மேசைக்குப் பின்னால் நாற்காலியில். அவர் நாற்காலியில் உட்கார்ந்ததை நான் குறிப்பாகப் பார்த்தேன். மற்றவர்களும் பார்த்தார்கள்.

வரவு செலவு படித்து முடித்ததும் ரேஷன் கடைக்குப் புதுக் கட்டடம் பற்றிப் பேச்சு வந்தது. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியில் பணம் ஒதுக்கியிருந்தார்கள். எங்கே கட்டுவது? பழைய கடைக்குப் பக்கத்திலேயே புறம்போக்கு இருக்கிறது என்றார் ஒருவர். தலைவர் சொன்னார்: "பஸ் ஸ்டாப்புகிட்ட கட்டிரலாம். ரெண்டு பக்கத்துக்கும் ஒரே தூரம். தினமும் திறக்குற ஒரே கடையா போயிரும். செவ்வா, வெள்ளிக்குன்னு எங்க சனம் காத்துக் கெடக்க வேணாம்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "பகுதி நேரக் கடைதான் வசதியா இருக்குல்ல, அதை எதுக்குக் கெடுக்கணும்?" என்றார். தலைவர், "வசதியாத்தான் இருக்குண்ணே. பருப்பு இருக்கான்னுதான் தெரியல" என்றார். காலனிப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்களிலேயே இரண்டு பேர் பஸ் ஸ்டாப் தூரம் என்றார்கள். அவர்களோடு அரை மணி நேரம் பேச்சு நடந்தது. மழைக்கு ஒதுங்க முன்னால் கூரை வேண்டும் என்று அவர்கள் சொன்னதையும் சேர்த்துத் தீர்மானம் எழுதினார்கள்.

பதிவேட்டில் கையெழுத்துப் போடும் நேரத்தில் ஜமுக்காளத்தின் முன்பாதியில் இருந்து பதினைந்து இருபது பேர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நடந்துவிட்டார்கள். அதில் என் சித்தப்பாவும் இருந்தார். அம்மா போகவில்லை. வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் செயலரிடம் பேனா வாங்கினார். கைரேகையா கையெழுத்தா என்று அவர் கேட்டார். "கையெழுத்து" என்றார் அம்மா. நிறுத்தி நிதானமாகப் போட்டார்.

தலைவரின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் தனி அலுவலர்தான். பஸ் ஸ்டாப் பக்கத்தில் கட்டடம் லிண்டல் வரை எழும்பியிருக்கிறது. போன முறை ஊருக்குப் போனபோது இறங்கியதும் பார்த்தேன். முன்னால் கூரைக்குக் கம்பி கட்டியிருந்தார்கள்.